இருநூற்றுப் பதினான்கு புறக் காரணிகள்

பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே, ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து அட்டை போட்டுக் கொடுக்கும் கடை இருந்தது. மூன்று கணினிகள், ஓர் அச்சு இயந்திரம், பின்னறையில் எப்போதும் பசை வாடை. நடுக் கணினியில் பத்தொன்பது ஆண்டுகளாக உட்கார்ந்திருந்தவளுக்கு மின்னல் என்று பெயர் வைத்தவர் கடை முதலாளி. கையெழுத்துப் பிரதியிலிருந்து கண்ணை எடுக்காமலே பக்கம் பக்கமாக அடித்துத் தள்ளுவாள். படித்தது பள்ளிப் படிப்புதான். ஆனால் தாவரவியல் தொடங்கி வணிகவியல் வரை அவள் கை படாத துறை இல்லை. என்ன எழுதியிருக்கிறது என்று புரிந்துகொண்டுதான் அடிப்பாள். ஒரு மழைக்காலத்தில் அந்தப் பழக்கமே அவளுக்குத் தலைவலியாக வந்து சேர்ந்தது.

முதலில் வந்தது மேலாண்மைத் துறை ஆய்வேடு. எழுதியவர் ஒரு வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே ஆய்வு செய்த பெண். மனிதர்கள் ஒரே வேலையில் நீடிப்பது எதனால் என்பது கேள்வி. வேலையின் மேல் உள்ள பிடிப்பு அகக் காரணி. சம்பளம், பதவி உயர்வு, மேலதிகாரியின் கெடுபிடி எல்லாம் புறக் காரணிகள். அகம்தான் நெடுநாள் தாங்கும் என்று எழுதியிருந்தார். மின்னலுக்கு அது பளிச்சென்று புரிந்தது.

அடுத்த வாரம் இயற்பியல், கணினிச் சில்லுக்கான படிகங்களைப் பற்றி. அதில் கலப்பில்லாத சுத்தமான படிகம் அகவகை. மின்சாரம் அதில் தட்டுத் தடுமாறித்தான் போகும். வேறொரு பொருளைத் துளியூண்டு கலந்தால் அது புறவகை. அப்போதுதான் அது உருப்படியாக வேலை செய்யும். மேலாண்மையில் அகம் உசத்தி, இங்கே புறம் உசத்தியா? அவள் அந்தப் பக்கத்தை இரண்டு முறை அடித்தாள்.

மூன்றாவதாக உடற்பயிற்சி மருத்துவம். விரலை அசைக்கும் தசைகளில் உள்ளங்கைக்குள்ளேயே இருப்பவை அகத்தசைகள். முன்கையில் உட்கார்ந்துகொண்டு, கயிறு கட்டி இழுப்பதுபோல் விரலை மடக்குபவை புறத்தசைகள். மின்னல் கையை நீட்டிப் பார்த்தாள். தன் உடம்புக்குள்ளேயே இருப்பதைப் புறம் என்கிறார்களே, இதென்ன நியாயம் என்று அவளுக்குப் பட்டது.

வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். பழுது இரண்டே வகைதான், வருகிற கரண்டில் கோளாறு அல்லது மெஷினில் கோளாறு, இதில் குழம்ப என்ன இருக்கிறது என்று கேட்டார்.

"சரிங்க. லிஃப்டத் தூக்குற மோட்டார் உள்ள இருக்கா, வெளிய இருக்கா?"

"பெட்டிக்கு வெளிய. கட்டடத்துக்கு உள்ள" என்றவர், சொன்னதைத் தானே ஒருமுறை யோசித்துவிட்டு, சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

அந்தக் குழப்பம் ஆய்வேடுகளைப் படித்ததால் வந்தது என்றே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் விரல் நுனிகள் மரத்துப் போகத் தொடங்கின. எறும்பு ஊர்வதுபோல் ஒரு குறுகுறுப்பு. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. பால் அடுப்பில் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே, இப்போது என்ன செய்ய வேண்டும் என்று யோசித்தபடி நின்றாள்.

ஒரு காலையில் வங்கிக்காரப் பெண் கடைக்கு வந்தார். கோபமாக இல்லை, அழுதுவிடுவார்போல இருந்தார். நெறியாளர் நான்காம் இயலைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

"அக்கா, இதுல அகக் காரணின்னு ஒரு எடம்கூட இல்லையே. எல்லாமே புறக் காரணியா இருக்கு."

நடந்தது இதுதான். சில இடங்களில் "வெளிக் காரணி" என்று எழுதிவிட்டேன், எல்லாவற்றையும் "புறக் காரணி" என்று மாற்றிவிடுங்கள் என்று அவர் கேட்டிருந்தார். மின்னல் தேடும் கட்டத்தில் "அகக் காரணி" என்று அடித்து, ஒரே தட்டில் அத்தனையையும் புறமாக்கியிருந்தாள். இயல் முழுவதும் எண்ணிப் பார்த்தார்கள். புறக் காரணி இருநூற்றுப் பதினான்கு இடங்களில் இருந்தது. எது முன்பு அகமாக இருந்தது, எது முதலிலிருந்தே புறம் என்று கணினிக்கும் தெரியவில்லை. அதைவிட அவளை உலுக்கியது, அப்படிச் செய்த நினைவே அவளுக்கு இல்லாததுதான்.

முதலாளி சத்தம் போடவில்லை. கொஞ்ச நாள் ஓய்வெடும்மா என்று சன்னமாகச் சொன்னார். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வேலைதான் உன்னைச் சக்கையாகப் பிழிகிறது என்றார் கணவர். ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்றாள் தங்கை. தினமும் முட்டையும் பாலும் ஈரலும் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்தாள். ஆறு வாரம் ஆகியும் மரப்பு பாதம் வரை இறங்கியதே தவிரக் குறையவில்லை. என்னிடம்தான் ஏதோ கழன்றுவிட்டது, அதைச் சொல்லாமல் மறைக்கிறார்கள் என்று மின்னல் பயந்துகொண்டிருந்தாள்.

கடைசியில் கணவர் அவளை மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். ரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, பெண் மருத்துவர் நிதானமாக விளக்கினார். நரம்புக்கும் ரத்தத்துக்கும் மூளைக்கும் தேவையான ஒரு வைட்டமின் அடிமட்டத்துக்குப் போயிருந்தது. சாப்பாட்டில் அது இருக்கிறது. ஆனால் உடம்பு அதை எடுத்துக்கொள்ள வயிறு ஒரு பொருளைச் சுரக்க வேண்டும். அவள் வயிறு அதைச் சுரப்பதை நிறுத்திவிட்டது.

"அந்தப் பொருளுக்கு அகக் காரணின்னு பேரும்மா. சாப்பாட்டுலேர்ந்து வர்ற வைட்டமின ஒரு காலத்துல புறக் காரணின்னு சொன்னாங்க."

மின்னல் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"டாக்டர், இத நீங்க எந்தத் துறையில சொல்றீங்க?"

மருத்துவர் அவள் கணவரைப் பார்த்தார். குழப்பம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று கணக்குப் போடுவதுபோல இருந்தது அந்தப் பார்வை. கணவர் அவசரமாகத் தட்டச்சுக் கடை விவகாரத்தை விளக்கினார். மருத்துவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டதும், தனக்குப் பைத்தியம் இல்லை என்ற நம்பிக்கை மின்னலுக்கு முதன்முதலாக வந்தது.

வயிற்றைக் கெடுத்தது யார் என்று அவள் கேட்டாள். கிருமியை விரட்ட வேண்டிய உடம்பின் காவல் படையே வயிற்றை அந்நியன் என்று நினைத்துத் தாக்கியிருக்கிறது என்றார் மருத்துவர். அது அகமா புறமா என்று கேட்க நாக்கு வரை வந்தது, விழுங்கிக்கொண்டாள். இனி ஊசிதான், வயிற்றை நம்பாமல் நேராக உள்ளே போய்விடும், ஆயுள் முழுக்கப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

முதல் மாதத்திலேயே மூச்சு வாங்குவது நின்றது. மறதி மெல்ல விலகியது. மரப்பு மட்டும் அடம்பிடித்தது. இடது சுண்டுவிரல் நுனியில் இன்றும் உணர்வில்லை. கடைக்குத் திரும்பியவள், வங்கிக்காரப் பெண்ணின் கையெழுத்துப் பிரதியைப் பக்கத்தில் வைத்து, நான்காம் இயலை வரி வரியாக ஒப்பிட்டுச் சரிசெய்தாள். நான்கு நாள் ஆனது. கடைசி நாளன்று அந்தப் பெண் தன் கேள்வித்தாள் ஒன்றை அவளிடமே நீட்டி, இந்த வேலையில் நீங்கள் நீடிப்பது எதனால் என்று குறிக்கச் சொன்னார். மின்னல் எதையும் குறிக்காமல் பேனாவை மூடித் தாளின் மேல் வைத்தாள்.

"இந்த வேலைய விட்டா எனக்கு வேற தெரியாதும்மா. அது உள்ள இருக்குறதா, வெளிய இருக்குறதா?"

அவர் தாளைத் திரும்ப வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அந்தத் தாள் ஆய்வேட்டில் சேரவில்லை.

இப்போது வேகம் குறைந்துவிட்டது. ஆனால் யார் ஆய்வேடு கொண்டுவந்தாலும் உட்கார வைத்து ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் தொடங்குகிறாள். சென்ற மாதம் கட்டடச் சுவர்களில் விழும் விரிசல்களைப் பற்றி எழுதிய ஒருவர் வந்தார். உங்கள் துறையில் உள்ளே என்றால் எது, வெளியே என்றால் எது என்று கேட்டாள். சுவர்தான் உள்ளே என்றார் அவர் சட்டென்று. அப்படியானால் சுவருக்குள் ஊறிய மழைத்தண்ணீர்?

அவர் தாள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு எதிரே இருந்த பல்கலைக்கழகத்துக்குப் போனார். மூன்றாம் நாள் வந்து, நெறியாளரும் தானும் இன்னும் ஒத்துப்போகவில்லை, உள்ளே வெளியே என்று பிரித்து எழுதிய இரண்டாம் இயலை விட்டுவிட்டு முதல் இயலை மட்டும் இப்போதைக்கு அடியுங்கள் என்றார்.