பெரிய பாலத்தில் தள்ளிய வண்டி

என் முதல் மோட்டார் சைக்கிளை வாங்கிய அன்று மன்னார்ப் பெரிய பாலத்தின் முழு நீளத்துக்கும் அதைத் தள்ளிக்கொண்டு போனேன். கச்சான் காற்று பக்கவாட்டில் அடித்து, வண்டியையும் என்னையும் கடலுக்குள் கூட்டிப்போகப் பார்த்தது. எஞ்சினில் ஒரு பழுதும் இல்லை. பெற்றோல் தாங்கிக்கு அடியில் குழாய் என்று ஒன்று உண்டென்பதும், அதைத் திறந்துவிட வேண்டும் என்பதும் எனக்குத் தெரியாது.

விற்றவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம், மோட்டார் சைக்கிள் திருத்துவது பற்றிய ஓர் ஆங்கிலப் புத்தகத்தை நான் ஏற்கெனவே முழுதாக வாசித்திருந்ததுதான். எஞ்சினுக்குள் நெருப்பு ஏன் பிடிக்கிறது என்று ஒரு மணித்தியாலம் வகுப்பு எடுக்கக்கூடியவனாக இருந்தேன். குழாயைத் திறக்காதவன் ஒருவனும் இதை வாசிப்பான் என்று புத்தகத்தை எழுதியவர் நினைக்கவில்லை.

சைக்கிளில் மீன் கொண்டுபோன ஒருவர் என்னைத் தாண்டும்போது வேகத்தைக் குறைத்தார்.

“என்ன மாஸ்டர், வண்டிக்கு நடை பழக்கிறியளோ?”

ஓம் என்றேன். மறுத்துப் பேச மூச்சு இல்லை.

இந்த வயதில் எனக்கு மோட்டார் சைக்கிள் ஏன் என்று கேட்கலாம். எல்லாரும் கேட்டார்கள். நான் நாற்பது கடந்து கல்யாணம் செய்தவன். வீடு மன்னார்த் தீவின் மேற்குப் பக்கம், பேசாலைக்குக் கிட்ட. படிப்பித்தது பாலம் தாண்டி, சிலாவத்துறைக்கும் அப்பால். இடையில் ஓடிய பஸ், தன் மனச்சாட்சிப்படி வரும் அல்லது வராது. ஆகவே கிழமை நாட்களில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த அறையில் தங்கிக்கொண்டு, வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வந்து போவேன். மனைவி பிள்ளைத்தாச்சியான பிறகு என்னிடம் ஒரேயொரு வாக்குக் கேட்டாள். ஒவ்வொரு நாளும் பொழுதுபட முதல் நான் வீட்டில் நிற்க வேண்டும். அவளுக்குத் தாய் இல்லை. பிள்ளை எப்போது புறப்படும் என்று பிள்ளைக்குத்தான் தெரியும். வாக்குக் கொடுத்தேன். அதைக் காப்பாற்றத்தான் வண்டி. அது எனக்கு முன்பே பலரிடம் வேலை பார்த்துக் களைத்துப்போன, இங்கிலாந்தில் செய்த கிழட்டு வண்டி.

குழாயின் மர்மம் விளங்கிய பிறகு அது ஓடியது. முதல் கிழமை நன்றாகவே ஓடியது. அதன்பிறகு நிற்கத் தொடங்கியது. வீட்டிலிருந்து புறப்பட்டுக் கொஞ்சத் தூரம் போனதும் இருமும், விக்கும், நின்றுவிடும். எத்தனை உதை உதைத்தாலும் அசையாது. நான் வீதியோரத்தில் குந்தியிருந்து வியர்வை ஆறுவேன். ஆறி எழும்பி ஒரு உதை கொடுத்தால், ஒன்றும் நடக்காதது மாதிரி ஓடும். பிறகு கொஞ்சத் தூரத்தில் மறுபடியும் நிற்கும்.

புத்தகத்தின்படி பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். காபரேட்டரைக் கழற்றினேன். திரும்பப் பூட்டியபோது ஒரு சிறிய துண்டு மிஞ்சியது. அதை ஒரு சிரட்டைக்குள் போட்டு வைத்தேன். அது இல்லாமலும் வண்டி முன்பு போலவே ஓடி முன்பு போலவே நின்றது. தீவில் வள்ளத்து எஞ்சின் வைத்திருந்த ஒவ்வொருவரும் என் முற்றத்துக்கு வந்து ஒரு கருத்துச் சொன்னார்கள்.

“உப்புக் காத்து மாஸ்டர். வயரைத் தின்னும்.”

“வயரில்லை. எஞ்சின் சூடு. ஒரு ஈரச் சாக்குப் போட்டுக்கொண்டு ஓடுங்கோ.”

ஈரச் சாக்கும் போட்டேன். ஈரச் சாக்குடன் நின்றது. அதைப் பார்த்தவர்கள் நான் ஐஸ் ஏற்றிக்கொண்டு போகிறேன் என்று நினைத்தார்கள். பட்டணத்துக் கராஜில் வண்டியை இரண்டு நாள் வைத்திருந்து, வாசலைச் சுற்றி ஓடிப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று திருப்பித் தந்தார்கள். வாசலைச் சுற்றி ஓடும்போது அது ஒருநாளும் நிற்பதில்லை.

ஒரு நாள் காலையில் புறப்பட்ட நான் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் பின்னேரம் வீட்டுக்குப் போகப் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூட அதிபர் நல்ல மனிதர். கோபத்தையும் உபசாரம் போலத்தான் சொல்வார்.

“மாஸ்டர், சுபஹுத் தொழுகையோட வெளிக்கிட்டு அஸர் தொழுகைக்கு வந்து சேருறீங்க. ஹஜ்ஜுக்குப் போற ஆள் மாதிரி. அந்த அறையைக் கூட்டி வைக்கச் சொல்லியிருக்கன். திங்கள்லயிருந்து இங்கேயே தங்குங்க.”

“அதிபர், வீட்டில அவவுக்கு மாதம்...”

“தெரியும். அதுக்காகத்தான் திங்கள்வரை விடுறன். இல்லாட்டி இண்டைக்கே கட்டில் போட்டிருப்பன்.”

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் கறிச்சட்டியைக் கழுவத் தொடங்கினாள். அது ஏற்கெனவே கழுவிய சட்டி.

சனிக்கிழமை காலை, புத்தகத்தில் நான் தொடாத பகுதி தாங்கி ஒன்றுதான் என்பதைக் கண்டேன். தாங்கி என்பது வெறும் பாத்திரம், அதில் என்ன பழுது வரும் என்று அந்தப் பக்கங்களில் சொன்னதைச் செய்து பார்க்காமல் விட்டிருந்தேன். தாங்கியைக் கழற்றி, உடுத்துப் பழசான சாரம் ஒன்றைப் பேசின் பாத்திரத்தின் மேல் கட்டி, பெற்றோலை வடித்தேன். சாரத்தில் மண் தங்கியது. ஒரு கைப்பிடி. துருவாக இருக்கும் என்று விரலால் தேய்த்துப் பார்த்தேன். துரு இல்லை. எங்கள் தீவில் கிடப்பது வெள்ளை மணல். இது உள்நாட்டுக் காட்டு மண், கபில நிறம். ஓடும்போது இந்த மண் குழாயின் வாயில் போய் அடைக்கிறது. நான் வீதியோரத்தில் குந்தியிருக்கும்போது அது அடியில் படிகிறது. ஏன் நிற்கிறது, ஏன் மறுபடி ஓடுகிறது என்பதெல்லாம் விளங்கியது. எப்படி உள்ளே வந்தது என்பதுதான் விளங்கவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். மனைவி குசினி வாசலில் நின்றாள்.

“இஞ்சருங்கோ, அதைக் கீழ கொட்டிப்போடாதேங்கோ.”

“ஏன்?”

“அது மடு மண்.”

மடு மாதா கோயில் மண் கத்தோலிக்கரான எங்கள் ஆட்களின் எல்லா வீட்டிலும் இருக்கும். பாம்புக் கடிக்குப் பூசுவார்கள். வீட்டு அத்திவாரத்தில் போடுவார்கள், கிணற்றில் போடுவார்கள், புது வள்ளத்தின் முன் அணியத்தில் வைப்பார்கள். பெற்றோல் தாங்கியில் போட்டவர்கள் பற்றி நான் கேள்விப்பட்டதில்லை.

“நீர் போட்டனீரோ?”

“வேற ஆர் போடுறது? நீங்கள் பாலத்தில ஓடுற ஓட்டத்தைப் பாத்தவை வந்து சொன்னவை. பயந்து ஒரு கிள்ளுப் போட்டனான்.”

“இது கிள்ளில்லையே. கைப்பிடி.”

“ஒவ்வொருக்காலும் நிக்குது எண்டு வந்து சொன்னியள். சொல்லச் சொல்ல இன்னும் ஒரு கிள்ளுப் போட்டனான்.”

எனக்குக் கோபம் வரவில்லை. கோபிக்கத் தெம்பு வேண்டும். அவளும் பயந்திருந்தாள், நானும் பயந்திருந்தேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கத்தால் அதே வண்டியைத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறோம். மண்ணைக் காலில் படாமல் ஒரு கோப்பையில் எடுத்து, மாதா சுரூபத்துக்கு முன்னால் காயவைத்தோம். அன்று மாலை செபத்துக்கு மெழுகுதிரி கொளுத்த வேண்டாம் என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. வீடு முழுக்கப் பெற்றோல் மணம்.

திங்கட்கிழமை மணி அடிக்க முதல் பள்ளிக்கூடத்தில் நின்றேன். பிறகு வந்த நாட்களிலும் நின்றேன். அதிபர் கட்டிலைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. பொழுதுபட முதல் வீடு திரும்பினேன். நானே திருத்தினேன் என்று முற்றத்துக்கு வந்தவர்களிடம் சொன்னேன். மண்ணைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு புறப்பட்டது. வண்டியை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினேன். எஞ்சின் கடிகாரம் மாதிரி ஓடியது. மனைவி அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு கரையில் மீன் ஏற்றிக்கொண்டு நின்ற லொறிக்கு ஆள் அனுப்பினாள். முன் கதிரையில் அவள் ஏறிக்கொள்ள, பக்கத்து ஊர் மருத்துவச்சியும் ஏறினார். எனக்கு இடம் இல்லை.

பட்டணத்து ஆஸ்பத்திரி வரைக்கும் வண்டியில் லொறிக்குப் பின்னால் ஓடினேன். மீன் தண்ணீர் முகத்தில் தெறித்தது. வண்டி ஒருதரம்கூட இருமவில்லை. லொறி ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது என்று மட்டும் வழி முழுக்க எரிச்சலாக இருந்தது. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம் என்று தாதி வந்து சொன்னபோது, நான் வெளியே விறாந்தையில் மீன் மணத்தோடு நின்றேன். கொடுத்த வாக்குப்படி நின்றேன். அந்தப் பெருமை கொஞ்சம் இருந்தது. லொறிச் சாரதி இன்னும் போகாமல் வாசலில் சுருட்டுப் பிடித்துக்கொண்டு நின்றார். நன்றி சொல்லி, வேகமாக வந்திருக்கலாமே என்றும் சொன்னேன்.

“வந்திருக்கலாம் மாஸ்டர். அக்காதான் விடயில்லை. அந்த நோவுக்குள்ளயும் சொன்னவ, ‘தம்பி, பின்னால வாறவரைக் கண்ணாடியில பாத்துக்கொண்டு மெல்லமா ஓடும். மீன் பெட்டியள ஒரு பக்கமா ஒதுக்கிவிடும், வழியில நிண்டா மோட்டச்சைக்கிளையும் ஏத்த வேண்டி வரும்’ எண்டு.”