மூணு நாள் டாக்டர்

அந்தத் தெருவில் அவருக்கு இப்போது 'மூணு நாள் டாக்டர்' என்றுதான் பெயர். ஐம்பத்தெட்டு வயதில் மனிதர் சும்மா இருக்காமல் டாக்டர்களுக்கான பயிற்சி வகுப்புக்குப் போய்வந்தார், வந்தது வினை. சாதாரணச் சளிக்கு ஆன்டிபயாடிக் எதுவும் செய்யாது, அனாவசியமாகக் கொடுத்துக்கொண்டே இருந்தால் கிருமிகள் அதற்குப் பழகி, உயிருக்கு ஆபத்து என்கிறபோது மருந்து கைவிட்டுவிடும் என்று அங்கே இரண்டு நாள் விளக்கினார்கள். முப்பது வருடமாக மூக்கு ஒழுகினாலே எழுதித் தள்ளியவர் அன்றோடு நிறுத்தினார்.

"மூணு நாள் பாருங்க. ரெஸ்ட் எடுங்க. மூச்சு வாங்கினா உடனே வாங்க" என்பார்.

யார் வந்தார்கள்? எதிர் கிளினிக்கில் நிற்க இடமில்லை. இவர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். நர்ஸம்மாவுக்கே பொறுக்கவில்லை.

"பேருக்கு ஒரு மாத்திரை எழுதுங்களேன் டாக்டர். வெறுங்கையோட போறாங்க."

"தெரியாம எழுதினது வேறம்மா. இப்ப தெரியுமே."

மனைவி போய் நாலு வருடம். வீட்டிலும் பேச ஆள் கிடையாது. மூன்றாம் நாள் நோயாளிகளுக்கு இவரே போன் போட்டு விசாரிப்பார். பாதிப் பேர் எடுப்பதில்லை. எடுத்தவர்கள், "எதிர்ல காட்டிட்டோம் சார்" என்று வைத்துவிடுவார்கள்.

வெளியூர் மகள் ஒருத்திதான் மிச்சம். ஒரு நாள் அவளே கூப்பிட்டாள். பேரனுக்குச் சளி, லேசான காய்ச்சல். மூச்சு, சாப்பாடு, விளையாட்டு என்று ஒன்றுவிடாமல் கேட்டார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"மூணு நாள் பாரும்மா."

"என்னப்பா, யாரோ பேஷண்டுக்குச் சொல்ற மாதிரி சொல்றீங்க?" பட்டென்று வைத்துவிட்டாள்.

அதன்பிறகு இவர் கூப்பிட்டபோதெல்லாம் அவள் எடுக்கவில்லை. மூன்று நாளும் மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் காலையில் பேசினாள்.

"சரியாயிடுச்சுப்பா. இங்க டாக்டர் ஆன்டிபயாடிக் குடுத்தாரு."

"அது தானாவே சரியாகியிருக்கும்மா."

"எனக்குச் சின்ன வயசுல தும்மல் வந்தாலே மாத்திரையோட ஓடி வருவீங்க. என் மேல இருந்த அக்கறை என் பிள்ளை மேல இல்லையாப்பா?"

அவள் கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அப்போது செய்ததுதான் தப்பு என்று வாய்வரை வந்தது. சொன்னால், அவள் மனதில் மாத்திரையோடு ஓடிவருகிற அந்த அப்பாவும் போய்விடுவார்.

"இருக்கும்மா," என்றார். "அவன்கிட்ட குடு, பேசுறேன்."

"தூங்குறான்பா," என்று மகள் வைத்துவிட்டாள்.