இடுப்புப் பையும் நசார்தீன் ஹாஜியாரும்

போன கிழமை மதுரங்குளிச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது என் முன்னால் ஒரு இளைஞன் வந்து நின்றான். இடுப்பில் அகலமான பட்டி, அதன் ஒரு பக்கத்தில் சிறிய ஆசனம், அதில் ஒரு குழந்தை. பவுடரும் புளித்த பாலும் கலந்த வாசனை காற்றில் வந்தது. யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குத்தான் காது சூடாகி, நசார்தீன் ஹாஜியாரின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. இத்தனை வருடம் கழித்தும் அந்த முகத்தின் மேல் எனக்கிருக்கும் கோபம் சற்றும் பழசாகவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

யுத்தம் முடிந்து, மன்னாரில் வாப்பா விட்டுவிட்டு வந்த காணியைப் போய்ப் பார்த்தோம். வீடு இருந்த இடத்தில் காடுதான் இருந்தது. அங்கே இரண்டு அறையாவது கட்ட வேண்டும் என்று என் மனைவி ரிஹானாவுக்கு ஒரே பிடிவாதம். தொண்ணூறில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது கைக்குழந்தையாக அங்கிருந்து தூக்கி வரப்பட்டவள் அவள். அந்த ஊரின் ஒரு மரம்கூட அவளுக்கு ஞாபகம் கிடையாது. ஆனாலும் அந்த வீட்டுக்காகக் குவைத்துக்கு வேலைக்குப் போனாள். மகள் சஹ்லாவுக்கு அப்போதுதான் பல் முளைத்துக்கொண்டிருந்தது.

என் உம்மா மௌத்தாகி விட்டிருந்தார். மாமி கட்டிலோடு கிடந்தார். ஆகவே பிள்ளை என் கைக்கு வந்தது. கைக்கு என்றால் உண்மையாகவே கைக்குத்தான். கீழே வைத்தால் அழுவாள். தொட்டிலில் போட்டால் முந்தல் பள்ளிவாசல் வரைக்கும் கேட்க அழுவாள். பக்கத்து வீட்டுத் தாத்தா எடுத்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நீலமாகிவிடுவாள். என் இடுப்பில் ஏறிவிட்டால் மட்டும் ஒன்றும் நடக்காதவள்போல் உலகத்தை வேடிக்கை பார்ப்பாள். நானோ இறால் பண்ணை மோட்டார்கள் திருத்துகிறவன். ஒற்றைக் கையால் மோட்டார் சுற்றிப் பாருங்கள், தெரியும்.

ஒரு நாள், குவைத்திலிருந்து விடுமுறையில் வந்தவர்களிடம் ரிஹானா ஒரு பொதி கொடுத்தனுப்பியிருந்தாள். உள்ளே, அந்த இளைஞன் கட்டியிருந்ததைப் போன்ற இந்த இடுப்புப் பை. அவள் வேலை செய்த வீட்டுக் குழந்தை நடக்கத் தொடங்கியதும் அந்த வீட்டுக்கார அம்மா கழித்துப்போட்டது. முகர்ந்து பார்த்தேன். யாரோ ஒரு குழந்தையின் பவுடர் மணத்துக்கு அடியில், பட்டிப் பக்கத்தில், அவளுடைய வியர்வை மணமும் இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு சற்று நேரம் அதை மடியில் வைத்திருந்தேன். பிறகு கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அது குளிரூட்டிய வீடுகளுக்காகத் தைத்தது போலும். எங்கள் வெயிலில் எனக்கும் பிள்ளைக்கும் ஒரே அச்சில் வேர்க்குரு போட்டது. ஆனால் இரண்டு கையும் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது.

அந்தக் கோலத்தில் முதன்முதலாகத் தேத்தண்ணிக் கடைக்குப் போன அன்று நசார்தீன் ஹாஜியார் அங்கே இருந்தார். கடல்நீர் தேங்கும் களப்போரம் பெரிய இறால் பண்ணை வைத்திருந்தவர். அவர் சிரித்தால் கடையே சிரிக்கும். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கங்காரு வந்துட்டு, வழி விடுங்க" என்றார். கடை சிரித்தது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது. அன்றிலிருந்து நான் கங்காரு. அதோடு அவர் விட்டிருக்கலாம். பொண்டாட்டி உழைப்பில் தின்கிற அகதிகளுக்கு இதுதான் சரியான உடுப்பு என்றும் சொன்னார். தொலைபேசியில் என்னைப் படமெடுத்துப் பலருக்கும் அனுப்பினார். அது சுற்றிச்சுற்றிக் குவைத்துக்குப் போய், அவருடைய உறவுக்காரப் பெண் ஒருத்தி வழியாக ரிஹானாவின் கைக்கே வந்துவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை அவள் அழைத்தாள். "நான் அத அனுப்பியிருக்கக் கூடாது. கழட்டி எறிஞ்சிடுங்க" என்றாள். அழவில்லை. அவள் அழுதிருந்தால் நான் ஹாஜியாரை மன்னித்திருப்பேனோ என்னவோ.

எறியவில்லை. இன்னும் இறுக்கிக் கட்டினேன். இடுப்பில் பிள்ளை, மனதில் ஹாஜியார் என்று இரண்டையும் சுமந்துகொண்டு திரிந்தேன். தொழும்போதுகூட ஒரு ஓரத்தில் அவர் நின்றார் என்றால் பாருங்கள். அல்லாஹ் அவரைத் தண்டிக்கட்டும் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அதை என் கையாலேயே செய்ய வேண்டும் என்றிருந்தது.

பகல் மழையும் இடியுமாய் இருந்த ஒரு நாள், மழை விட்ட கையோடு ஹாஜியாரின் மோட்டார் சைக்கிள் என் கொட்டிலுக்கு முன்னால் வந்து நின்றது. இறால் தொட்டிகளில் தண்ணீரை அடித்துக் காற்றுக் கலக்கும் சக்கரங்கள் எல்லாம் நின்றுவிட்டன. புத்தளத்து ஆளைக் கூப்பிட்டால் வர அந்தியாகும். அதற்குள் இறால் செத்துவிடும்.

"தம்பி, இறாலெல்லாம் மேல வந்துட்டு. கொஞ்சம் வாங்க" என்றார். அவர் வாயில் நான் தம்பியானது அன்றுதான்.

போனேன். தொட்டி ஓரமெல்லாம் இறால்கள் மூச்சுக்குத் தவித்துக்கொண்டு ஒட்டியிருந்தன. மின்கம்பியும் தண்ணீரும் சேர்ந்த இடத்தில் பிள்ளையோடு இறங்க முடியாது. பண்ணையில் வேலை செய்த ஒரு பெண் கை நீட்டினாள். சஹ்லா நீலமாகத் தொடங்கினாள். நான் பட்டியை அவிழ்த்து ஹாஜியாரிடம் நீட்டினேன்.

"நீங்களே கட்டுங்க. புள்ள அடங்கினா நான் எறங்குவன்."

அவர் வேலையாட்களைப் பார்த்தார். இறாலைப் பார்த்தார். கட்டிக்கொண்டார். வயிற்றுக்குப் பட்டி எட்டாமல் நான்தான் இழுத்து இறுக்கிவிட்டேன். அந்த இழுப்பில் கிடைத்த இன்பத்தை எப்படிச் சொல்வது? முகத்தைச் சுளித்த பிள்ளை அவருடைய தாடியைக் கண்டதும் இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு அமைதியானாள்.

"நடந்துகிட்டே இருக்கணும். நிண்டா அழுவாள்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

பழுது எரிந்துபோன ஒரு கம்பிதான். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இறால் என்ன பாவம் செய்தது? முதல் சக்கரத்தைச் சட்டென்று ஓடவைத்து அவற்றைக் காப்பாற்றினேன். மற்றவற்றுக்கு ஆறுதலாக நேரம் எடுத்துக்கொண்டேன். நன்றாக இருந்த ஆணிகளையும் கழற்றித் துடைத்துப் பூட்டினேன். மழை வெறித்த வெயிலில், வெள்ளைச் சாரனோடு, ஹாஜியார் வரப்பில் போய்ப்போய் வந்தார். ஐஸ் இறக்க வந்த சிலாபத்து லொறிக்காரன் வண்டியை நிறுத்தி, "அம்மா கோ?" என்று சிங்களத்தில் கேட்டான். பிள்ளையின் தாய் எங்கே என்று அவன் பாவம் அக்கறையோடுதான் கேட்டான். வேலையாட்கள் தொப்பிக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார்கள். ஒருவன் தொலைபேசியைத் தூக்கியதை நான் தண்ணீருக்குள் நின்று பார்த்தேன். பார்த்துவிட்டு ஆணிக்குத் திரும்பினேன். கடைசியில் என் மகள், வாப்பாவின் மனமறிந்தவள், அந்த வெள்ளைச் சாரனில் மூத்திரமும் பெய்தாள்.

பிள்ளையைத் திருப்பித் தரும்போது ஹாஜியார் தாழ்ந்த குரலில், "இப்ப சந்தோசமா?" என்றார்.

"ஓம்" என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ரிஹானா அழைத்தாள். படம் அவளுக்கும் போயிருந்தது. பேச வாயெடுப்பதும் சிரிப்பதுமாக இருந்தாள். பேச்சே நடக்கவில்லை. கங்காரு என்ற பெயர் என்னை விட்டு இறங்கி ஹாஜியாரின் மேல் ஏறிக்கொண்டது. அவருடைய மகனின் கலியாணத்தில் சோறு ஆக்கியவர்கள்கூட அந்தப் பெயரைத்தான் சொன்னார்கள். என் காதால் கேட்டேன். அன்று சோறு இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

இறாலுக்கு நோய் வந்து பண்ணைகள் மூடப்பட்டன. தொட்டிகள் வெடித்துக் காய்ந்து கிடக்கின்றன. ஹாஜியார் மகனோடு கொழும்புக்குப் போய்விட்டார். தேத்தண்ணிக் கடை இருந்த இடத்தில் இப்போது வெறும் சுவர்தான் நிற்கிறது.

ரிஹானா திரும்பி வந்த அன்று சஹ்லாவைக் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். வாசலில் பெட்டியைத் தள்ளிவிட்டு ஓடி வந்த ரிஹானா, மண்டியிட்டு இரண்டு கையையும் நீட்டினாள். மகள் அந்தக் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வேணாம், நான் நடக்கிறன்" என்றாள்.

கீழே இறங்கமாட்டேன் என்று அழுத அந்தப் பிள்ளை எந்த நாளில் அழுகையை நிறுத்தினாள் என்று நான் கவனிக்கவே இல்லை. ரிஹானா நீட்டிய கையை மடக்காமல் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் இழந்த இந்த வருடங்களுக்கு நான் யார் இடுப்பில் அந்தப் பட்டியைக் கட்டிவிடுவது?