தக்காளிக் கட்டத்தில் ‘இல்லை’

போன வாரம் அருளப்பண்ணன் காலமான செய்தி போனில் வந்தபோது நான் மீசைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: இடப்பக்கம் முடிந்திருந்தது, வலப்பக்கம் பாக்கி. அப்படியே, ஓய்வுபெற்றபின் அவர் குடியிருந்த லம்பா லைனுக்கு ஓடினேன். துக்க வீட்டில் என்னைப் பார்த்தவர்களெல்லாம் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அழுகிறார்கள் என்றே நினைத்தேன்.

வாரந்தோறும் கடைகளில் விலை கேட்டு எழுதி வருவது அண்ணனின் வேலை. அதை அட்டவணையாக்கி மேலே அனுப்புவது என் வேலை. சரக்கு இல்லையென்றால் போன வார விலையையே எழுதிவிடுவது எங்கள் அலுவலக வழக்கம். மழைக்காலத்தில் எங்கள் தீவுக்கு மெயின்லேண்ட் கப்பல் வராமல் சந்தை காய்ந்து கிடக்கும். எங்கள் தாளில் மட்டும் தக்காளி பழைய விலைக்கே கிடைக்கும்.

“வராத தக்காளிக்கு வெல எப்படிடே ஏறும்? அதான் தாள்ல நாடு சொகமா இருக்கு” என்பார் அண்ணன்.

ஒருமுறை மேலிடத்துப் பெரிய மனிதர் ஒருவர் வருவதாக இருந்தது. கப்பல் வந்து நிற்கும் ஜெட்டி முழுக்கக் கலர் விளக்கு கட்டினார்கள். காய்கறி வைக்கும் குளிர்கிடங்கு மாதக்கணக்கில் பழுதாகிக் கிடந்தது. அதைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. அவரிடம் காட்ட, ‘விலைவாசி சீராக உள்ளது’ என்று விலைப் பட்டியலோடு பலகை தயாரானது. அந்த வாரம் அண்ணன் தக்காளிக் கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதிக் கொடுத்தார். அதை அடித்துவிட்டுப் பழைய விலையை அழகான கையெழுத்தில் நிரப்ப நான்தான் பேனாவைத் திறந்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வலித்தது.

அதிகாரி கூப்பிட்டனுப்பினார். நானும் பின்னால் போய் நின்றேன், கதவுக்குப் பக்கமாக.

“அரே அருளப்பன், சும்மா ஒரு ரேட் போட்டுக் குடுய்யா.”

“இல்லாததுக்கு எந்த ரேட்டு சார்?”

“கட்சாலுக்குத் தூக்கிடுவேன், மாலூம்?”

கட்சால் என்றாலே எங்கள் ஆட்கள் மெடிக்கல் லீவு போட்டுவிடுவார்கள். ரப்பர் தோட்டமும் மழையுமாக, நினைத்தால் திரும்ப முடியாத தூரத் தீவு.

“ஆர்டர் போடுங்க சார்” என்றார் அண்ணன், டீ சொல்வதுபோல.

ஆர்டர் வந்தது. அவர் கப்பலேறினார். பலகையில் தக்காளி வரியையே எடுத்துவிட்டார்கள்; பொய் விலை மட்டும் ஏறவில்லை.

இன்றும் காலிக் கட்டத்தைக் கண்டால் ‘இல்லை’ என்றே எழுதுகிறேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு சொல்தான்.

அடக்கம் முடிந்து அண்ணியிடம் இதையெல்லாம் சொல்லி, “உண்மைக்காகக் கட்சால் வரைக்கும் போனாரே அண்ணி” என்று கண்ணைத் துடைத்தேன்.

“அது எங்கம்மா ஊரு தம்பி” என்றார் அண்ணி. “அதுக்கு முந்தி ரெண்டு வருசமா அங்க மாத்தல் கேட்டு மனுப் போட்டுக்கிட்டே இருந்தாரு. கெடைக்கவே இல்ல.”