பால்வாடிக்குப் பால் வந்த நாள்

காலை ஒன்பது பத்து. படகிலிருந்து இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டவை சொம்புகள். அவற்றைப் பிடித்திருந்த பெண்களை அப்புறம்தான் பார்த்தேன். எண்பதுகளின் தொடக்கம். பழவேற்காடு ஏரியின் தீவுக் குப்பம் ஒன்றில் பால்வாடி டீச்சராக எனக்கு அது முதல் நாள்.

"பால் எப்போ ஊத்துவே டீச்சரம்மா?" என்றாள் முன்னால் நின்றவள்.

தப்பு அவர்கள் மீது இல்லை. மரம் விற்கும் இடம் மரவாடி, விறகு விற்கும் இடம் விறகுவாடி. பால்வாடியில் வேறென்ன கிடைக்கும்? பால் இல்லை, பாட்டும் சத்துமாவு உருண்டையும்தான் என்றேன். மறுநாள் நான்கு பிள்ளைகள் வந்தன. அவற்றில் இரண்டு, பால்வாடியில் எனக்கு உதவிக்கு இருந்த ஆயாவுடையவை.

பாட்டும் பெரிதாக ஒன்றுமில்லை. எனக்குத் தெரிந்தது மூன்று. ஒன்று சினிமாப் பாட்டு. கரும்பலகை இருந்தது, சாக்பீஸ் இல்லை. சுவரில் ஒரே படம், யானை.

மூன்றாம் மாதம் ஒரு தாள் வந்தது. புதன்கிழமை அதிகாரி வருவார். இருபது பிள்ளைகள் இல்லாவிட்டால் பால்வாடி அக்கரை ஊருக்குப் போய்விடும். எனக்கு வேலை போகும். அம்மாக்கள் ஏரியில் இறங்கிக் கையால் இறால் பிடிக்கும் நேரத்தில், கரையில் கிடக்கும் பிள்ளைகளைப் பார்க்க ஆள் இருக்காது.

புதன் காலை ஆயா ஓர் ஆட்டை இழுத்துவந்து வாசலில் கட்டினாள். பால்வாடிக்குப் பால் வந்தாச்சு என்று குப்பம் முழுக்கச் சொல்லிவிட்டாள். அரை மணியில் சொம்புகள் வந்தன, பிள்ளைகளும் கூடவே. பெண்கள் குனிந்து ஆட்டைப் பார்த்தார்கள். சிரித்தார்கள்.

"இன்னா ஆயா, இத்த நீதான் கறக்கப்போறியா?"

"ஆபீசர் போவட்டும், மொத சொம்பு ஒனக்குத்தான். இப்போ புள்ளைங்கள வுட்டுட்டு ஏரிக்குப் போ. பால்வாடிய மூடிட்டான்னா, நாளிக்கு இதுங்கள இடுப்புல கட்டிக்கினுதான் எறா புடிப்பே."

விட்டுவிட்டுப் போனார்கள். சொம்புகளையும்.

பத்தே முக்காலுக்கு அதிகாரி வந்தார். தலைகளை எண்ணினார்: இருபத்து மூன்று. படத்தைக் காட்டி இது என்ன என்றார். "எருமை" என்றது ஒரு பிள்ளை. அவர் அதை விட்டுவிட்டு, வரிசையாக இருந்த சொம்புகளையும் வாசலில் நின்ற ஆட்டையும் பார்த்தார்.

"பாலும் குடுக்கறீங்களா?"

"பால்வாடி ஆச்சே சார்" என்றாள் ஆயா.

பதிவேட்டில் எழுதினார்: வருகை திருப்தி. பால் வசதி உண்டு.

பால்வாடி தீவிலேயே இருந்தது. நான் அங்கே இன்னும் நான்கு வருடம் வேலை பார்த்தேன்.

அன்று வாசலில் கட்டியிருந்தது கிடா.