கறைக்கு ஒரு தனி லேயர்

எங்கள் அடுப்படித் தட்டில் ஒரு தேயிலைப் பெட்டி இருக்கிறது. தேயிலை எப்போதோ தீர்ந்துவிட்டது. அம்மா அதில் ஊசி, நூல், அறுந்த பட்டன்கள், ஒரு சின்னக் கத்தரிக்கோல் ஆகியவற்றைப் போட்டு வைத்திருக்கிறார். பெட்டியின் முகப்பில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் படம். அதை வரைந்தது நான். அதைப் பார்க்கும்போதெல்லாம் கெட்டுப்போன பாலை முகர்ந்ததுபோல் என் முகம் சுளித்துக்கொள்கிறது. காரணத்தை வரிசையாகச் சொல்கிறேன். எனக்கு வரிசையாகத்தான் சொல்ல வரும். நான் படித்தது கட்டட வரைபடம்.

லிந்துலையில் பஸ் இறங்கி இருபது நிமிடம் மேலே ஏறினால் அம்மா கொழுந்து பறிக்கும் தேயிலைத் தோட்டம். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் வரிசையாக எட்டு வீடுகள், ஐந்தாவது எங்களுடையது. அடுப்படிச் சுவரில் விறகுப்புகை படிந்து படிந்து, கரி எண்ணெய்போலப் பிசுபிசுத்துக் கிடக்கும். ஓர் ஆணியால் கீறினால் அடியிலிருக்கும் சுண்ணாம்பு வெள்ளைக்கோடாகத் தெரியும். என் முதல் படங்கள் அந்தச் சுவரில்தான் வந்தன. ஒரு சேவல், ஒரு பஸ், முகம் மட்டுமே உள்ள ஒரு பெண். அதை இனிய நினைவாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. நகத்துக்குள் ஏறிய கரி சோற்றோடு வயிற்றுக்குள் போனது. தலையணையில் அதன் வாடை இருந்தது.

"பன்னி மாதிரி சுவத்த நோண்டிக்கிட்டு இருக்கா பாரு. கையக் கழுவுடி மொதல்ல!" என்பார் அம்மா.

என் கை கழுவினால் வெளுத்துவிடும். அம்மாவின் கை வெளுக்காது. கொழுந்து ஒடிக்கும்போது காம்பிலிருந்து கசியும் சாறு பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் காய்ந்து கறுத்துவிடும். மறுநாள் அதன்மேல் இன்னொரு பூச்சு. சவுக்காரம், சாம்பல், எலுமிச்சை எதற்கும் அது அசையாது. அந்தக் கையால் அம்மா பிசைந்து தரும் சோற்றைப் பார்த்தால் எனக்குக் குமட்டும். ஏழு வயதில் கரண்டி கேட்டு அடம்பிடித்து வாங்கிக்கொண்டேன்.

எட்டாம் வகுப்பில் பாடசாலைப் பெற்றோர் கூட்டத்துக்கு அம்மா வந்தார். என் வகுப்பில் யாழ்ப்பாணத்து ஆசிரியையின் மகள் ஒருத்தி இருந்தாள். கையெழுத்துப் போடக் குனிந்த அம்மாவைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "உங்கட அம்மாவின்ர கை ஏன் இப்பிடி ஊத்தையா இருக்கு?"

அவள் கேலிக்காகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டாள். அடுத்த கூட்டத்துக்குக் கிளம்பும்போது நான் அம்மாவிடம், "கைய முந்தானைக்குள்ள வச்சுக்கங்க" என்றேன். அம்மா கூட்டம் முடியும்வரை வலதுகையை முந்தானைக்குள்ளேயே வைத்திருந்தார். இடதுகையால் தேநீர்க் கோப்பையை வாங்கியதற்குப் பாடசாலை அதிபர் முகம் சுளித்தார்.

கொரோனாவுக்குப் பாடசாலை மூடியபோது, கொழும்பில் கடையில் வேலை செய்யும் அப்பா, மூலையில் கண்ணாடி உடைந்த ஒரு போனை அனுப்பினார். பாடத்துக்கு வந்த போனில் இலவசமாகக் கிடைத்த ஒரு வரைதல் செயலியை இறக்கினேன். சிக்னல் வேண்டுமென்றால் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்து மலைக்கு ஏற வேண்டும். அந்தச் செயலி இறங்கி முடிவதற்குள் கால்விரல் இடுக்கில் மூன்று அட்டைகள் ஏறி, குடித்து, நுங்கு மாதிரி வீங்கி உதிர்ந்தன. உடைந்த கண்ணாடிமேல் விரலைத் தேய்த்துத் தேய்த்து வரைந்தேன். விரல் வியர்வை திரையில் சளிபோலப் படியும், சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வரைவேன். யாரும் சொல்லித் தரவில்லை. வீடியோக்களைப் பார்த்தேன், தப்புச் செய்தேன், அழித்தேன்.

லேயர் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள்கள் மாதிரி அது. ஒன்றில் வானம், ஒன்றில் மரம், ஒன்றில் ஆள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கண் குறி இருக்கும். அதைத் தொட்டால் அந்தத் தாள் மட்டும் மறைந்துவிடும், மற்றவை அப்படியே இருக்கும். பிறகு தொழில்நுட்பக் கல்லூரியில் கட்டட வரைபடம் படித்தபோதும் இதே முறைதான். தண்ணீர்க் குழாய்க்கு ஒரு லேயர், மின்சாரத்துக்கு ஒன்று, சுவருக்கு ஒன்று. வேண்டாததை மறைத்துவிட்டு அச்சிடலாம். என் கோப்புகள் ஒழுங்காக இருக்கும் என்று விரிவுரையாளர்கள் சொல்வார்கள். அதில் எனக்குப் பெருமை இருந்தது.

படித்த வேலை கிடைக்கவில்லை. ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவில் படங்களைத் திருத்தும் வேலை கிடைத்தது. கல்யாண ஆல்பம், சடங்கு ஆல்பம், கண்ணீர் அஞ்சலிப் பதாகை என்று எல்லாம் வரும். மேசையில் எப்போதும் மீன் அடைத்த மாலு பணிஸ் வாடை அடிக்கும். முதலாளி எச்சில் தொட்டு ஆல்பத் தாள்களைப் புரட்டுவார். நான் வந்த முதல் நாளே கணினித் திரையின் ஓரத்தில் ஒரு சீட்டை ஒட்டினார்.

1. முகம் வெள்ளை
2. கண்ணுக்குக் கீழே கறுப்பு
3. நெத்தியில கூடைக்கயிறு தடம்
4. கை
5. பின்னால லயம் தெரிஞ்சா, பூந்தோட்டம்

"இதெல்லாம் அவங்க செய்யச் சொன்னாங்களா அண்ணே?" என்று கேட்டேன்.

"கேக்க மாட்டாங்க தங்கச்சி. ஆனா செய்யாம குடுத்துப் பாரு. அடுத்த சடங்குக்கு வேற கடைக்குப் போயிருவாங்க."

அவர் சொன்னது சரிதான். நோர்வூட் பக்கத்திலிருந்து ஒரு பெண் தன் மகளின் சடங்கு ஆல்பத்தை வாங்க வந்தார். பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, "இதுல நான் எங்க தம்பி?" என்றார்.

"இந்தா, மாலையோட நிக்கிறீங்களே அக்கா!" என்றார் முதலாளி.

"அட, நானா? யாரோ சம்பந்தகாரம்மான்னு நெனச்சேன்." கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "சரி, இருக்கட்டும். வீட்டுக்காரர் இதப் பாத்தாவது மரியாதையா பேசுறாரான்னு பாப்போம்."

அவருடைய கையைச் சுத்தம் செய்தது நான். நானூறு சதவீதம் பெரிதாக்கினால் ஒரு விரல் திரை முழுவதும் நிரம்பும். வெடிப்புகள், வெடிப்புக்குள் கறுப்பு, நகத்தோரச் சதை. பக்கத்துத் தோலிலிருந்து கொஞ்சம் எடுத்து மேலே அப்ப வேண்டும். பருவைப் பிதுக்குவதில் இருப்பது போன்ற ஓர் அசிங்கமான இன்பம் அதில் இருந்தது. இரண்டு கைகளுக்கு நான்கு நிமிடம். அந்தக் கடையில் என்னைவிட வேகமாக யாரும் செய்ததில்லை.

சம்பளத்தில் ஒரு டேப்லட் வாங்கி, வீட்டுக்கு வந்து எனக்காகவும் வரைந்தேன். மழை, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்களத்தில் நிற்கும் பெண்கள், பஸ் ஜன்னலில் தூங்கும் முகங்கள். அவற்றை முகநூலில் போட்டேன். இரண்டு வருடம் கழித்து கொழும்பிலிருந்து ஒரு தேயிலைக் கம்பனி எழுதியது. ஆறு வகைத் தேயிலை, ஆறு பெட்டிகள், ஆறு படங்கள். முதல் படம் பிடித்திருந்தால் மற்ற ஐந்தும் எனக்கு. கிடைத்தால் ஸ்டூடியோவை விட்டுவிட்டு, வரைவதையே தொழிலாக வைத்துக்கொள்ளலாம். அந்தச் சீட்டின் முன்னால் இனி உட்கார வேண்டியதில்லை.

அம்மாவை நினைத்து ஒரு பெண்ணை வரைந்தேன். குனிந்த தலை, முதுகில் கூடை, செடியின்மேல் இரண்டு கைகள். முடித்ததும் டேப்லட்டை அம்மாவிடம் காட்டினேன். பக்கத்து வீட்டு அத்தையும் இருந்தார். அம்மாவோடு ஒரே மலையில் கொழுந்து எடுப்பவர்.

"கொழுந்து சரியாத்தான் ஒடிச்சிருக்கா," என்றார் அம்மா. "கைதான் யாரோடதுன்னு தெரியல."

"தொரையூட்டு அம்மா வெளையாட்டுக்கு மலைக்கு வந்திருக்காங்க போல," என்றார் அத்தை. "இப்படிக் கையோட பெரட்டுக்குப் போனா கங்காணி எந்திரிச்சு நின்னு கும்புடுவான்டி!"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விரல்கள் மெழுகுபோல் இருந்தன. யாரும் சொல்லி அப்படி வரையவில்லை. கறையை வரைந்துவிட்டு அழிக்கவும் இல்லை. அது என் நினைவிலேயே வரவில்லை. அம்மாவின் கையை மனதிலிருந்து எடுக்கும்போதே என் கை அதைச் சுத்தம் செய்துதான் எடுத்திருந்தது. எனக்கு என்மேலேயே ஒரு வீச்சம் அடித்தது.

"அம்மா, கையக் காட்டுங்க."

அம்மாவின் வலதுகை தோள் துண்டுக்குள் போய்விட்டது. அவர் யோசித்துச் செய்யவில்லை, கண்முன் பூச்சி வந்தால் இமை மூடுவதுபோல அது போனது. பிறகுதான், "எதுக்கு? வரையவா?" என்று வெளியே எடுத்து நீட்டினார். "இத வரைஞ்சா கம்பனிக்காரன் எடுப்பானாடி? வேலை போயிறாம பாத்துக்க."

அரைமணி நேரம் அந்தக் கையைப் பார்த்து வரைந்தேன். பெருவிரலின் உள்பக்கம் தார் பூசியது மாதிரி இருந்தது. ஆள்காட்டி விரலில் கத்தி கீறியது போன்ற பிளவுகள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கறுப்பு நூல். நகம் பழுப்பு. அப்போதும் எனக்கு அருவருப்பாகத்தான் இருந்தது. அன்பு வந்து அதைக் கழுவிவிட்டது என்று எழுதினால் பொய்யாகிவிடும். அருவருப்போடுதான் வரைந்தேன், அதனால்தானோ என்னவோ படம் நன்றாக வந்தது.

தப்பு அதற்குப் பிறகு நடந்தது. கறையை நான் தனி லேயரில் போட்டேன். அதற்கு 'கறை' என்றே பெயரும் வைத்தேன். ஒழுங்குக்காக என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். தண்ணீர்க் குழாய்க்கு ஒன்று, மின்சாரத்துக்கு ஒன்று, கறைக்கு ஒன்று. கம்பனி கேட்டபடி எல்லா லேயரும் உள்ள முழுக்கோப்பை அனுப்பினேன்.

இரண்டு நாளில் கம்பனியின் விளம்பரப் பிரிவு அதிகாரி பேசினார். இனிமையான குரல்.

"படம் ரொம்ப நல்லாயிருக்கு மிஸ். கைதான் கொஞ்சம் அழுக்கா தெரியுது. பாக்க ஒரு மாதிரி அருவருப்பா இருக்கு. குடிக்கிற சாமான் இல்லையா?"

"அது அழுக்கு இல்ல மேடம். கொழுந்துச் சாறு. நீங்க குடிக்கிறதும் அதே சாறுதான்."

அவர் சிரித்தார். "அது சரி. ஆனா பெட்டியில அப்படிப் போட ஏலாதே."

"என்னால மாத்த முடியாது மேடம்."

"பரவாயில்ல மிஸ், நாங்க பாத்துக்கிறோம்."

ஒத்துக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன். அம்மாவிடம் ஓடிப்போய், "ஒங்க கை அப்படியே பெட்டியில வரப்போகுது. நான் இருக்கும்போது யாரும் கை வைக்க முடியாது" என்று பீற்றிக்கொண்டேன். அடுத்த வாரம் ஸ்டூடியோவில் வேலையை விட்டேன்.

இரண்டு மாதத்தில் பெட்டி தபாலில் வந்தது. கைகள் சுத்தமாக இருந்தன. யாரோ மேலே பூசி மழுப்பியிருப்பார்கள் என்று வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துத் தடம் தேடினேன். நானூறு சதவீதத்தில் வாழ்ந்தவள் நான், ஒட்டு எங்கே இருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. ஒட்டு எதுவுமே இல்லை. அப்போதுதான் புரிந்தது. அவர்கள் எதையும் அழிக்கவில்லை. கண் குறியைத் தொட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான். அந்தக் குறியை அவர்கள் கையில் எடுத்துக் கொடுத்தது நான்.

அம்மா பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு." பிறகு, "கறைய எடுத்துட்டானுங்களா?"

"ஆமா."

"சாம்பலப் போட்டாலும் போகாதது, ஒங்க கம்பியூட்டர்ல எப்படிடி போச்சு?"

உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். டேப்லட்டில் அந்தக் கோப்பைத் திறந்து காட்டினேன். கண்ணைத் தொட்டேன், கறை போனது. மறுபடி தொட்டேன், வந்தது. அம்மா டேப்லட்டை வாங்கித் தன் கறுத்த விரலால் தானே தொட்டுப் பார்த்தார். போனது. வந்தது. சுவிட்ச் போட்டு விளையாடும் குழந்தைபோல் நாலைந்து தடவை.

"அட, இது அப்பவே இருந்திருந்தா," என்று சிரித்தார், "ஒங்க ஸ்கூல் மீட்டிங்குல நான் கோப்பைய சோத்துக் கையால வாங்கியிருப்பேன்ல?"

அவர் குத்திக் காட்டவில்லை. நகைச்சுவையாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் எழுந்து வெளியே போய்க் குழாயடியில் முகம் கழுவினேன்.

இரண்டாவது பெட்டிக்கு ஒரு பெண் கூடையை இறக்கும் படம் வரைந்தேன். கறையைத் தோலோடு தோலாக வரைந்தேன். முடித்ததும் எல்லா லேயரையும் ஒன்றாக இணைத்து, சேமித்து, மூடினேன். அப்படி மூடினால் பிறகு பிரிக்க முடியாது. ஒழுங்காகக் கோப்பு வைக்கும் எவரும் செய்யாத காரியம் அது. அதைத்தான் அனுப்பினேன். பதிலாக ஒரு பட்டியல் வந்தது. முதலாவது: லேயர்கள் உள்ள முழுக்கோப்பை அனுப்பவும். இரண்டாவது: கை.

'தனியாக லேயர் கிடையாது' என்று ஒரே வரியில் பதில் எழுதினேன். மற்ற ஐந்து பெட்டிகளையும் வேறு யாரோ வரைந்தார்கள். நுவரெலியாவில் ஒரு கடைத்தட்டில் அவற்றை வரிசையாகப் பார்த்தேன். ஐந்து பெண்கள், ரப்பர்க் கையுறை மாட்டியது போன்ற பத்துக் கைகள். வரிசையின் முதலில் என் படம். அதுதான் எல்லாவற்றிலும் சுத்தம்.

ஸ்டூடியோவுக்கு நான் திரும்பிப் போகவில்லை. இப்போது சிறுவர் புத்தகங்களுக்கு வரைகிறேன். வேலை மெதுவாகத்தான் வருகிறது, ஆனால் வருகிறது. எதை அனுப்பினாலும் லேயர்களை இணைத்துத்தான் அனுப்புகிறேன். இது பிடிக்காமல் இரண்டு பேர் என்னை விட்டுப் போயிருக்கிறார்கள்.

அம்மா இன்னமும் மலைக்குப் போகிறார். சில நாள் வரைவதற்காக அவர் பறிக்கும் இடத்துக்குப் போனோடு போகிறேன். படம் எடுக்கப் போனை உயர்த்தியதும் வலதுகை துண்டுக்குள் போய்விடுகிறது. "வெளிய வைங்கம்மா" என்று ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டியிருக்கிறது. "மறந்துட்டேன்டி" என்று ஒவ்வொரு தடவையும் எடுக்கிறார்.