சனிக்கிழமைகளில் முடிவெட்டும் ஒருவர்

திராட்சை பழுக்கத் தொடங்கினால் புரோன்வின் பாஸ்கோ அடிலெய்டிலிருந்து தன் ஓட்டைக் காரில் வந்து இறங்கிவிடுவாள். பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியர். கூலி, வேலை, அதற்கான சட்டம், இவைதான் அவள் ஆராய்ச்சி. நான் லோசே. டோங்கா தீவுகளிலிருந்து வந்த எங்கள் ஆட்களின் சர்ச் கூடத்தில் தோட்டத் தொழிலாளிகளுக்குச் சமைத்துப் போடுகிறவள். அவர்கள் தங்கும் விடுதிகளுக்குள் அவளைக் கூட்டிப்போய், இரண்டு பக்கப் பேச்சையும் மொழிபெயர்த்ததும் நான்தான்.

அவள் அப்பா போர்ட் பிரீயில் ஈயம் உருக்கும் ஆலையில் உழைத்து, நெஞ்சு கெட்டுச் செத்தவர். "அவருக்கு ஏன் அவ்வளவுதான் கூலின்னு யாரும் பதில் சொல்லல. அதான் நானே படிச்சேன்" என்பாள். முப்பது வருஷம் அறிக்கை எழுதினாள். அத்தனையும் அட்டவணை, சதவீதம். தலைநகர் கான்பெராவில் வாங்கி அலமாரியில் வைத்தார்கள். அவளால் யாருக்கும் கூலி கூடவில்லை. யாருக்கும் கெடுதலும் வரவில்லை.

போன வருஷம் அங்கே ஓர் அதிகாரி கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டாராம்: "எண்ணெல்லாம் சரி புரொஃபசர், இதுல மனுஷன் எங்க?" சனியன் பிடித்த கேள்வி. அவள் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அவள் பிடித்த மனுஷன் ஃபெலேதி. ஒப்பந்தக்காரன் டரனிடம் வேலை. விசாவே டரனோடு கட்டிப்போட்டது. அவன் வேண்டாம் என்றால் திரும்ப ஊருக்கு விமானம்தான், பிறகு யாரும் கூப்பிட மாட்டார்கள். ஊரில் ஃபெலேதியின் கூலியில் இரண்டு வீட்டு அடுப்பு எரிந்தது. இருந்தும் வாய் திறந்தான்.

"ஒரே கட்டில், மேடம். பகல்ல நான் படுக்கிறேன், ராத்திரி இன்னொருத்தன். வாடகை மட்டும் ரெண்டு பேர்கிட்டயும் முழுசாப் பிடிக்கிறாங்க. என் பேர் மட்டும் வெளிய வந்துடக் கூடாது."

"வராது" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

பெயர் வரவில்லைதான். வயதை மாற்றினாள், தீவை மாற்றினாள். அச்சுக்குப் போகுமுன் எனக்குப் படித்துக் காட்டினாள். 'மறுநாள் சர்ச்சுக்காகச் சனிக்கிழமைதோறும் கூட்டாளிகளுக்கு முடிவெட்டிவிடும் ஒருவர்' என்று வந்ததும் நான் அவளை நிறுத்தினேன்.

"இதை எடுத்துடு. இந்த வட்டாரத்துலயே முடிவெட்டறவன் அவன் ஒருத்தன்தான்."

"கான்பெராவுல யாருக்கு அது தெரியும், லோசே? அந்த வரியிலதான் அவன் மனுஷனாத் தெரியறான்."

"டரனுக்குத் தெரியும்டி!"

"டரன் அறிக்கை படிக்கிற ஆளா?" என்று சிரித்தாள். சொன்னால் கேட்டால்தானே!

அறிக்கையை டரன் படிக்கவில்லை. பத்திரிகைகள் படித்தன, அந்த ஒரு வரியைத்தான் எடுத்துப் போட்டன. ஆளுக்கு ஒரு கட்டில் என்று அமைச்சர் சட்டம் கொண்டுவருவதாகச் சொன்னார். வழக்கமாகக் கத்துகிற டரன், எல்லோருக்கும் பெயர் சொல்லிக் காலை வணக்கம் வைக்க ஆரம்பித்தான். எனக்குத் தூக்கம் போயிற்று.

ஒரு சனிக்கிழமை, சட்டம் எழுதத் தொடங்கிவிட்டார்கள் என்று சொல்ல புரோன்வின் விடுதிக்கு வந்திருந்தாள். முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலி, சுற்றிலும் முடி. டரனின் வண்டிச் சத்தம் கேட்டதும் கத்திரிக்கோல் துண்டுக்கு அடியில் போய்விட்டது. டரன் இறங்கி வந்து, தொப்பியைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான்.

"இங்க நல்லா முடிவெட்டறாங்கன்னு பேப்பர்ல போட்டிருந்தானே. எனக்கும் வெட்டிவிடுங்கப்பா. யாரு அது?"

ஃபெலேதி துண்டை நோக்கிக் குனிந்தான். நான் அவன் கையைப் பிடித்தேன்.

"விடுங்கக்கா. வேற எவன் எடுத்தாலும் அவனை அனுப்பிடுவான்" என்று எங்கள் மொழியில் சொல்லிவிட்டுக் கத்திரிக்கோலை எடுத்தான்.

பாதித் தலை ஆனதும் டரன் போனை எடுத்து, பேச்சைப் பதிவு செய்யப் போட்டு, தொடைமேல் வைத்துக்கொண்டான்.

"புரொஃபசர், நீங்க எழுதினது நிஜமா, சும்மா ஜோடிச்சதா? சும்மான்னா சொல்லிடுங்க. நான் யாரையும் ஒண்ணும் பண்ண மாட்டேன்."

நிஜம் என்றால் ஃபெலேதி தொலைந்தான். ஜோடித்தது என்றால் அறிக்கையும் சட்டமும் அவள் பெயரும் அன்றோடு முடிந்தன. அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"ஜோடிச்சதுதான். அப்படி ஒரு ஆளே கிடையாது" என்றாள்.

பாவி, ஒருத்தனுக்காக முப்பது வருஷத்தை நெருப்பில் போட்டாளே என்று எனக்கு அழுகை முட்டியது.

கத்திரிக்கோல் நின்றது. "பொய் சொல்றாங்க" என்றான் ஃபெலேதி. "சொன்னது நான்தான். கட்டில் உள்ளதான் கிடக்கு, வந்து பாருங்க."

டரன் போனை அணைத்தான். அவன் குரல் கொஞ்சமும் மாறவில்லை. "சரி. பாதியில நிறுத்தாத. மிச்சத்தையும் வெட்டு."

ஃபெலேதி வெட்டி முடித்து, டரனின் கழுத்தைத் துண்டால் தட்டிவிட்டான். செவ்வாய்க்கிழமை அவனை விமானம் ஏற்றினார்கள். ஃபெலேதி கட்டிலைப் பற்றிச் சொன்னதும் அந்தப் பதிவில் இருந்தது, அது டரனுக்கே ஆபத்து என்பதால் அழித்துவிட்டான். சட்டம் வந்தது.

அது வேலை செய்கிறதா என்று கேட்டு எழுத இந்த அறுவடைக்கும் புரோன்வின் வந்தாள். விடுதியில் எல்லோரும் எழுந்து நாற்காலி போட்டார்கள், தட்டு நிறைய சாப்பாடு வைத்தார்கள்.

"ஒரு குறையும் இல்ல, மேடம். இப்ப ஆளுக்கு ஒரு கட்டில்" என்றான் ஒருவன். அவனுக்குப் பின்னால், கட்டில் காலியாவதற்காக இன்னொருவன் போர்வையோடு நின்றுகொண்டிருந்தான். மற்ற விடுதிகளிலும் அதே பேச்சுதான்.

வெளியே வந்து காரில் சாய்ந்துகொண்டு கேட்டாள்: "நான் பார்த்ததை எழுதினா டரன் இன்னொரு ஃபெலேதியைத் தேடுவான். என்ன செய்யட்டும், லோசே?"

கடைசியில் தொழிலாளிகள் வாயால் சொன்னதையே எழுதினாள். அறிக்கையில் புகார் என்ற கட்டத்தில் பூஜ்யம் விழுந்தது. அந்தப் பூஜ்யத்தைத் திரையில் காட்டியபோது கான்பெராவில் எழுந்து நின்று கைதட்டினார்களாம்.